டேப் டீச்சர்

கமருன்னிஸாவை டேப் டீச்சர் ஆக்கியது அவளுடைய எம்.எஸ்ஸி. பட்டமோ பி.எட். பட்டமோ அல்ல. ஒருநாள் காலை தலைமையாசிரியர் குணசேகரனின் போனில் வாட்ஸப் திறக்க மறுத்தது. அவள் அதை வாங்கிப் பார்த்து, போன் நிரம்பி வழிவதைக் கண்டு, அதிலிருந்த ‘காலை வணக்கம்’ படங்களை மொத்தமாக அழித்துக் கொடுத்தாள். ரோஜாப்பூவும் சூரிய உதயமும் ஆவி பறக்கும் காபிக் கோப்பையும் போன துக்கம் அவருக்கு இருந்தது என்றாலும், தன் பள்ளியில் ஒரு கணினி மேதை ஒளிந்திருக்கிறாள் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்துபோயிற்று. சில வாரங்கள் கழித்து, துபாயிலிருந்து டேப்லெட்டுகள் வருகின்றன என்ற செய்தி கிடைத்தபோது, பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. ஏதாவது உடைந்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தாமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்கு நீண்ட கால அனுபவம் இருந்தது.

அது அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரச் சிற்றூர். பள்ளி, அரசு நடுநிலைப்பள்ளி. ஊரில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள்; பாதிப்பேர் கடல் தாண்டிப் போகிறவர்கள். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு வந்தார்கள். கடல் தாண்டிப் போனவர்களில் வசதி வந்தவர்களின் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு வேன் ஏறி வேறெங்கோ போனார்கள்; வசதி வராதவர்களின் பிள்ளைகள் இங்கேயே வந்தார்கள். ஆனாலும் துபாய்வாழ் ஊர்மக்கள் சங்கத்துக்கு ஊர்ப்பள்ளி மேல் இருந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல. தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கும் அளவுக்கு இல்லையே தவிர, மற்றபடி உயிரையே வைத்திருந்தார்கள்.

கைக்கருவிகளைப் பற்றி கமருன்னிஸாவுக்குக் கொஞ்சம் தெரியும் என்பது உண்மைதான். அவளுடைய இல்லறத்தில் பாதி ஒரு போனுக்குள்தான் நடந்தது. நாகூரில் பிறந்து, கல்யாணமாகி அதிராம்பட்டினத்துக்கு வந்தவள். கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு கணவன் அஸார் சவூதியில் உள்ள தமாமுக்கு விமானம் ஏறினான். அதன் பிறகு பல வருடங்கள் அவன் உள்ளங்கை அகலத்தில்தான் இருந்தான். பெருநாள் வாழ்த்தும் அதில்தான், சண்டையும் அதில்தான். மகளுக்கு முதல் பல் முளைத்ததை அவன் பார்த்ததும் அதில்தான். அவன் முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு இளநீலச் சுவரும், சுவரில் ஒரு ஏசியும் தெரியும். நம் ஆள் நல்ல அறையில்தான் இருக்கிறார் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். பக்கத்து வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

முதுகு வலியோடு அவன் ஒரேயடியாக ஊர் திரும்பி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை போட்ட பிறகு, ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான். அந்த அறையில் மற்ற மூன்று சுவர்களையும் ஒட்டி அடுக்குக் கட்டில்கள். ஒரு கட்டிலுக்கு மேல் ஒரு கட்டில், அதற்கு மேலும் ஒன்று. கட்டில் இல்லாதது அந்த இளநீலச் சுவர் ஒன்றுதான். யார் வீட்டுக்குப் பேசினாலும் அங்கே போய்த்தான் நிற்பார்கள். மற்றவர்கள் படத்தில் விழாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு அஸார் சிரித்தான். கமருன்னிஸாவால் சிரிக்க முடியவில்லை. இத்தனை வருடம் தான் பார்த்தது கணவனையா அந்தச் சுவரையா என்று அவளுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

டேப்லெட்டுகள் வந்து சேர்ந்தன. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். சங்கத் தலைவர் ஜெக்கரியா விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, கமகமவென்று அத்தர். அவர் நல்ல மனுஷர்தான். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிஜமாகவே துடிக்கிறவர். என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்கிற பழக்கம் மட்டும் இல்லை. வரிசையாக எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பெட்டியை உடைக்கும்போது தேங்காயும் உடைத்தார்கள். ஜெக்கரியா அதற்கும் முகம் கோணாமல் நின்றார். “இனிமே நம்ம புள்ளைங்க உலகத் தரத்துல படிப்பாங்க” என்று அவர் பேசியபோது, உலகத் தரத்தில் படிக்கப்போகிற பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

டேப்பை உயிர்ப்பித்தால் அது அரபியில் பேசியது. துபாயில் வாங்கியதை அப்படியே கட்டி அனுப்பியிருந்தார்கள். கமருன்னிஸா மதரசாவில் ஓதிய எழுத்தை வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தமிழுக்கு மாற்றினாள். திரையின் மேலே ஒட்டியிருந்த பாலிதீன் தாளை உரிக்கக் கூடாது என்று குணசேகரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாள் மேல் விரலைத் தேய்த்தால் பாதி நேரம் டேப் கண்டுகொள்ளாது. பிள்ளைகள் இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள். தொடுதிரை என்பதை அவர்கள் தேய்திரை என்றே புரிந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே ஒரு கல்விச் செயலி இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் கேள்வி கேட்கும், சரியாகச் சொன்னால் “வெரி குட்” என்று கொஞ்சிவிட்டு ஒரு தங்க நட்சத்திரம் தரும். பருவகாலப் பாடத்தில் பனி பெய்தது. பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பனியில் பொம்மை செய்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் வகுப்பறைக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்று பழகிய ஏழாம் வகுப்பு அதை வாய் பிளந்து பார்த்தது. இரண்டே நாளில் ஒரு ரகசியமும் கண்டுபிடித்துவிட்டார்கள். கேள்வியைப் படிக்கவே வேண்டாம். விடைகளை வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் எப்படியும் வெரி குட் வந்துவிடும். வகுப்பே நட்சத்திரத்தால் மின்னியது. இந்த நட்சத்திரக் கணக்கு துபாய்க்குப் போய், அங்கே ஜெக்கரியா கண்கலங்கினார் என்று கேள்வி.

நட்சத்திரம் மட்டுமல்ல, படங்களும் போயாக வேண்டும். டேப்பில் எடுக்கும் எந்தப் படமும், இணையம் கிடைத்தவுடன் தானாகவே சங்கத்தின் பொது ஆல்பத்துக்குப் போய்ச் சேரும்படி அமைத்து அனுப்பியிருந்தார்கள். சங்கத்து உறுப்பினர்கள் அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பள்ளியில் இணையம் கிடையாது. கமருன்னிஸா தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்ப வேண்டும். தினமும் அனுப்பணும் என்பது குணசேகரனின் உத்தரவு. வாசலுக்குப் பக்கத்தில் ராக்கெட்டும் உலக உருண்டையும் வரைந்த ஒரு சுவர் இருந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய பிள்ளைகளாகப் பொறுக்கி, அந்தச் சுவருக்கு முன்னால் டேப்போடு நிறுத்தி எடுக்க வேண்டும். மற்ற சுவர்களில் சிமெண்டு உதிர்ந்து செங்கல் சிரித்துக்கொண்டிருந்தது.

முதல் வாரமே கமருன்னிஸாவுக்கு அந்தச் சுவரைப் பிடிக்காமல் போயிற்று. அவளுக்கு ஏற்கெனவே ஒரு சுவரோடு பழக்கம் இருந்தது.

ஆனால் அவள் வேலையை விடவில்லை. பாலிதீன் தாள்களை ஒருநாள் சத்தமில்லாமல் உரித்துப் போட்டாள். செயலியை மூடிவிட்டு கேமராவைத் திறந்து கொடுத்தாள். கழிமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சேற்றில் தத்தும் உளுவை மீனைப் படம் பிடித்து, ஓட்டத்தை மெதுவாக்கிப் பார்க்கச் சொன்னாள். பிறந்ததிலிருந்து மிதித்துக்கொண்டு திரிந்த அந்த அற்ப மீன், துடுப்பைக் கையாக ஊன்றி எழும்பிக் குதிப்பதை ஏழாம் வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. உப்புக் கல்லைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறதே, இதை யார் வெட்டினார்கள் என்று ஒருவன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு அவள் இரண்டு பாடவேளை பதில் சொன்னாள். நட்சத்திரம் ஏதும் வரவில்லை. நட்சத்திரக் கணக்கு ஏன் குறைகிறது என்று துபாயிலிருந்து விசாரித்தார்கள்.

இதிலெல்லாம் முன்னால் நின்றவள் ஆர்த்தி. அவளுடைய அம்மா எல்லையம்மாள் துறையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். அம்மாவின் தொண்டை மகளுக்கும் வந்திருந்தது. கேமரா கையில் வந்ததும் அந்தத் தொண்டைக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. செய்தி வாசிப்பவளைப் போல எதையும் விவரித்துக்கொண்டே படம் எடுப்பாள்.

ஆடி முடிந்து வெயில் தாழாமல் இருந்த சமயம். பாடம், உடலும் நீரும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்து வாருங்கள் என்று கமருன்னிஸா டேப்புகளைக் கொடுத்து அனுப்பினாள். பாடப்புத்தகத்தில் இருந்த செயல்பாடுதான். ஆபத்து இல்லாதது என்றுதான் அவளும் நினைத்தாள்.

பள்ளி விட்ட பிறகு, காலியான வகுப்பறையில் உட்கார்ந்து பேட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பையன்கள் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசினார்கள். பெண்பிள்ளைகள் ஒருத்தி விடாமல் ஒரே பதில் சொன்னார்கள்: பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆர்த்தி மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே பின்பக்கம் நடந்திருந்தாள்.

“இதுதான் எங்க ஸ்கூல் பொண்ணுங்க பாத்ரூம். கதவு கஜா புயல்ல போச்சுன்னு சார் சொன்னாங்க. இன்னும் திரும்பி வரல. உள்ள தண்ணியும் வராது. அதனால நாங்க காலையில வீட்ல போயிட்டு வந்தா, மறுபடி வீட்டுக்குப் போயித்தான். தண்ணி குடிச்சா அடக்க முடியாது, அதனால குடிக்க மாட்டோம். போன வாரம் எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துச்சு. பேரு சொல்ல மாட்டேன்.”

கேமரா அப்படியே திரும்பி, வராந்தா மூலையில் நின்ற குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் காட்டியது. சில வருடங்களுக்கு முன் இதே சங்கம் கொடுத்தது. சங்கத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே துடைப்பங்கள் இருந்தன.

கமருன்னிஸா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த அறைக்கு நாலு எட்டில்தான் அந்தக் கழிப்பறை. ஆசிரியர்களுக்கு வேறு கழிப்பறை உண்டு, பூட்டும் உண்டு, சாவி அவளிடமும் ஒன்று உண்டு. கதவில்லாததை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள் என்பதற்கு மேல் ஒன்றும் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழிக்கும் பொத்தானைத் தொட்டதும், அழிக்கவா என்று டேப் கேட்டது. ஆம் என்றால் எல்லோருக்கும் நல்லது. அவளுக்கு, குணசேகரனுக்கு, துபாயில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு. அஸாரின் அறையில் படத்தில் விழாமல் ஒதுங்கி நின்ற ஆட்களின் முகங்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்களை நினைத்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டாள். நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து, போய்ச் சேர்ந்தது என்றது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வழக்கத்தைவிட மெதுவாகப் போனாள்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை துபாயில் சங்கத்தாரின் மாதாந்திரக் கூடல். பிரியாணிக்குப் பிறகு பெரிய திரையில் ஆல்பம் ஓடுவது வழக்கம். பக்கத்து ஊர்ச் சங்கத்துப் பிரமுகர்களையும் ஜெக்கரியா அன்றைக்கு அழைத்திருந்தார். தங்கள் ஊரின் டிஜிட்டல் புரட்சியை அவர்களும் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்றுதான். ராக்கெட் சுவர் வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது ஆர்த்தி வந்தாள்.

பக்கத்து ஊர்ப் பிரமுகர்கள் நாகரிகமாகக் கைக்கடிகாரம் பார்த்தார்கள். இது யாரோ செய்த சதி, அந்தக் கதவைப் புயல்தான் கொண்டுபோனது, இயற்கைச் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஜெக்கரியா எழுந்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி லத்தீஃபா பேசினாள். அவள் அதே பள்ளியில் படித்தவள்.

“கஜாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. நான் படிச்சப்பவே அங்க கதவு கிடையாது. நானும் தண்ணி குடிக்காமத்தான் படிச்சேன். நீங்க டேப் குடுக்கப் போறேன்னப்ப என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

ஜெக்கரியா உட்கார்ந்துவிட்டார். புயலுக்குப் பல வருடம் முன்பே புயலில் பறந்துபோன கதவு அது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

திங்கட்கிழமை காலை குணசேகரனின் அறையில் விசாரணை. மேலிடத்திலிருந்து ஒரு அலுவலரும் வந்திருந்தார். வந்தவர் கழிப்பறையைப் பார்க்கவில்லை. கழிப்பறையின் படத்தைத்தான் பார்த்தார். பலமுறை பார்த்தார். பள்ளியின் மானம் போய்விட்டது என்றார். கல்விக்காகக் கொடுத்த கருவியில் இப்படிப்பட்ட இடங்களை எல்லாம் படம் எடுக்கலாமா என்றார். குணசேகரன் தன் நம்பிக்கைக்கு விழுந்த அடியைப் பற்றிப் பேசினார்.

“தினமும் அனுப்பணும்னு நீங்கதாங்க சார் சொன்னீங்க,” என்றாள் கமருன்னிஸா.

“நல்லதா அனுப்பச் சொன்னேம்மா.”

“நல்லது கெட்டதுன்னு பார்த்துப் பிரிக்கிற வசதி அந்த டேப்புல இல்லைங்க சார்.”

அலுவலர் இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். தொழில்நுட்பக் கோளாறு என்றால் யாரும் பொறுப்பில்லை. எல்லோருக்கும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டேப்புகளை ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் குணசேகரனே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கமருன்னிஸாவுக்கு வாய்மொழியாக எச்சரிக்கை. வெளியே வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள், ஒரு வாய் குடித்துவிட்டு, வராந்தாவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் மூடி உள்ளே வைத்தாள்.

கழிப்பறை கிடுகிடுவென்று எழும்பியது. பக்கத்து ஊர்ச் சங்கத்தார் முந்திக்கொண்டு கட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஜெக்கரியாவைத் தூங்கவிடவில்லை. தண்ணீர்த் தொட்டி, மோட்டார், ஓடு பதித்த சுவர், கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். கதவைவிடப் பெரிய கல்வெட்டு. அதில் சங்க நிர்வாகிகள் அத்தனை பேரின் பெயரும் பொறித்திருந்தது. திறப்பு விழாவில் குணசேகரன், இது தன் நெடுநாள் கனவு என்று பேசினார். ஜெக்கரியா கழிப்பறை வாசலில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். உள்ளே போய் முதலில் குழாயைத் திறந்து பார்த்தவள் லத்தீஃபா. நேரே வெளியே வந்து கமருன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

டேப்புகள் பீரோவிலேயே இருந்தன. பாதுகாப்பாக இருந்தன, கல்வி உபகரணம் எதற்கும் அதைவிட உயர்ந்த நிலை கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருநாள் அந்தப் பேச்சு வந்தது. குழுவின் தலைவி ஆர்த்தியின் அம்மா எல்லையம்மாள். பெற்றோரில் ஒருவர் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நம்பித்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளும் அதுவரை போட்டிருந்தாள். அன்றைக்குப் பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

“ஏன் சார், அத பீரோவுல வச்சா குஞ்சு பொரிக்குமா? எம்பொண்ணு நண்டு காலப் பார்த்து, அது எந்த வகைன்னு எனக்கே வந்து சொல்லுது. வெளிய எடுத்துக் குடுங்க, அப்பறம் கையெழுத்து போடுறேன்.”

கையெழுத்து இல்லாமல் பள்ளிக்கு வர வேண்டிய எதுவும் வராது. குணசேகரன் சாவியை எடுத்தார். ஆனால் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டோடுதான் கொடுத்தார். மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி வந்து, ஒவ்வொரு டேப்பின் கேமராவின் மேலும் தன் கையாலேயே ஒட்டினார். தங்கள் டேப்புக்குக் கண்ணில் அடிபட்டுவிட்டது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள்.

கடலோரத்து ஈரக்காற்றில் எந்தப் பசையும் நிற்காது. அந்த வாரக் கடைசிக்குள் பிளாஸ்திரிகள் ஓரம் சுருண்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கமருன்னிஸா அவற்றைப் பெருக்கிக் குப்பையில் போட்டாள். உதிர்ந்தால் திரும்ப ஒட்ட வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லாத வேலையைச் செய்து கெட்ட பெயர் வாங்க அவள் தயாராக இல்லை.

அடுத்த பாடம் ஒளிச்சேர்க்கை. இலை, வெயில், பச்சையம். இதில் யாருடைய மானமும் போக வழியில்லை என்று குணசேகரன் நிம்மதியாகத் தலையாட்டினார். பிள்ளைகள் டேப்பைத் தூக்கிக்கொண்டு, பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களைப் படம் எடுக்க வெளியே ஓடிய பிறகுதான், வளாகத்தில் மரம் என்று ஒன்றுகூட இல்லை என்பதும், வருடா வருடம் யாராவது வந்து கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் அந்த ஒரே குழி மட்டும் இருப்பதும் அவருக்கு நினைவு வந்தது. அவர் வராந்தாவுக்கு வருவதற்குள் ஆர்த்தி குழிக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்திருந்தாள்.